ஒன்பது ஆசியப் போட்டிகள், ஒரு ரயில்வே வேலை

2021 குடியரசு தினத்தை ஒட்டி பத்ம விருதுப் பட்டியல் வெளியானபோது எங்கள் அன்னூர்ப் பக்கத்தில் ஒரே பேச்சு தேக்கம்பட்டி பாப்பம்மாள் பாட்டியைப் பற்றித்தான். நூறு வயதைத் தாண்டியும் காட்டில் இறங்கி வேலை பார்க்கிற ஒரு விவசாயிக்குப் பத்மஸ்ரீ என்றால் பேசாமல் இருக்க முடியுமா? டீக்கடை, கோயில் திண்ணை, பஸ் ஸ்டாண்டு எங்கும் அதுதான். அதே பட்டியலில் தமிழ்நாட்டுக்கு நேராக இன்னொரு வரியும் இருந்தது. "பி. அனிதா, விளையாட்டு." அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரர் பேப்பரை மடித்துக்கொண்டே, "ஏனுங்க சார், இந்த அம்மணி யாருங்க? ஓட்டப் பந்தயமா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

அந்த அம்மணி அனிதா பால்துரை. சென்னைக்காரர், கூடைப்பந்து வீராங்கனை. பிறந்தது 1985ல். 2001ல், பதினாறு வயதில், இந்திய அணிக்குள் வந்தார். பத்தொன்பது வயதில் அணியின் கேப்டன். இந்தியப் பெண்கள் அணிக்கு அவ்வளவு சிறிய வயதில் வேறு யாரும் தலைமை தாங்கியதில்லை. 2017 வரை நாட்டுக்காக ஆடினார். ஒன்பது ஆசியச் சாம்பியன்ஷிப் போட்டிகளில் ஆடிய முதல் இந்தியப் பெண் அவர்தான். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை நடக்கிற போட்டி அது. ஒன்பது என்றால் எத்தனை வருடம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தேசியப் போட்டிகளில் மட்டும் முப்பது பதக்கங்கள்.

சரி, இத்தனை வருடம் ஆடியவருக்குச் சாப்பாடு போட்டது எது? என்னைப் போல ஆயுள் முழுக்கச் சம்பளப் பட்டியலும் விடுப்புப் பதிவேடும் பார்த்தவனுக்கு இந்தக் கேள்விதான் முதலில் வரும். பதில்: தெற்கு ரயில்வே.

நான் காரைக்காலில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஆங்கிலத்தில் சர்வசாதாரணமாகச் சொல்கிற "அமெச்சூர்" பிரெஞ்சிலிருந்து போன வார்த்தை. பிரியப்பட்டுச் செய்கிறவர் என்று அர்த்தம். சங்கீதத்தை ரசிக்கிறவரையும், நல்ல சாப்பாட்டை ரசிக்கிறவரையும் பிரெஞ்சில் அப்படித்தான் சொல்வோம். அதற்கு எதிரில் நிற்பவர் "புரொஃபெஷனல்", அதையே ஜீவனமாகக் கொண்டவர். பிரான்சில் இந்தக் கோடு தெளிவாக இருக்கிறது. அங்கே கூடைப்பந்துக்கென்று கிளப்புகள் உண்டு. கிளப் ஒப்பந்தம் போடும், சம்பளம் கொடுக்கும். அந்த ஏற்பாட்டில் வளர்ந்த டோனி பார்க்கர் 2001ல் அமெரிக்காவின் என்.பி.ஏ.வுக்குப் போய், நான்கு முறை சாம்பியன் அணியில் இருந்தார். 2023ல் அங்கே முதல் ஆளாகத் தேர்வானவரும் ஒரு பிரெஞ்சுப் பையன்தான், விக்டர் வெம்பன்யாமா.

நம் நாட்டில் கிளப்பின் இடத்தில் இருப்பது டிபார்ட்மெண்ட். கோயம்புத்தூரில் வருடாவருடம் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிகள் நடக்கும். ஆண்களுக்கு நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை, பெண்களுக்கு சி.ஆர்.ஐ. கோப்பை, பி.எஸ்.ஜி. நடத்துகிற போட்டி தனி. வருகிற அணிகளின் பெயரைப் படித்தால் அரசாங்க டெலிபோன் டைரக்டரி மாதிரி இருக்கும். தெற்கு ரயில்வே, கேரள மின்வாரியம், இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, வருமான வரித்துறை, காவல்துறை. ஆட்டக்காரருக்குச் சட்டையில் எண் இருக்கும், ஆபீசில் ஸ்டாஃப் நம்பரும் இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தேசியப் போட்டியில் மாநிலங்கள் போலவே இந்திய ரயில்வேயும் ஒரு தனி அணி. நன்றாக ஆடுகிற பெண்களை ரயில்வே எடுத்துக்கொள்ளும். பிறகு அந்தப் பெண் சொந்த மாநிலத்துக்கு எதிராகவே ஆட வேண்டி வரும். பெண்கள் கூடைப்பந்தில் ரயில்வே வருடக்கணக்காகக் கொடிகட்டிப் பறந்ததற்கு இதுதான் காரணம்.

இந்த விளையாட்டு நம் ஊருக்கு வந்த வழியும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். 1891ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், பனிக்காலத்தில் உள்ளே ஆட ஒரு விளையாட்டு வேண்டுமென்று பழக்கூடைகளைச் சுவரில் மாட்டி ஆரம்பித்தார். அதே ஒய்.எம்.சி.ஏ. வழியாக வந்த ஹாரி குரோ பக் என்பவர் 1920ல் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரி தொடங்கினார். அங்கே படித்த டிரில் மாஸ்டர்கள் பள்ளிகளுக்கெல்லாம் பரவினார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் பிறந்து, டிபார்ட்மெண்டில் வேலைக்குச் சேர்ந்தது நம் கூடைப்பந்து.

அனிதாவின் அணியில் இன்னொரு பெரிய பெயர் கீத்து அன்னா ஜோஸ். கோட்டயம் பக்கத்துப் பெண், ஆறடி இரண்டு அங்குலம், அவரும் தெற்கு ரயில்வே. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் அருகே உள்ள ரிங்வுட் கிளப்புக்குப் போய் ஆடினார். அங்கே அப்படி ஆடிய முதல் இந்தியப் பெண் அவர். 2011ல் அமெரிக்கப் பெண்கள் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வின் மூன்று அணிகள் அவரைச் சோதித்துப் பார்க்க அழைத்தன. இடம் கிடைக்கவில்லை. ஆனாலும் ஊரில் ரயில்வே வேலை இருந்தது.

ஆண்களில் பஞ்சாபின் பல்லோ கே கிராமத்து சத்னாம் சிங் கதை வேறு மாதிரி. ஏழடி இரண்டு அங்குலம். பதினான்கு வயதில் உதவித்தொகையில் அமெரிக்கா போனார். 2015ல் டல்லாஸ் மேவரிக்ஸ் 52வது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. என்.பி.ஏ. தேர்வில் பெயர் வந்த முதல் இந்தியர். பேப்பர்கள் எல்லாம் கொண்டாடின. ஆனால் என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட அவர் களமிறங்கவில்லை. கீழ்நிலை லீக், பிறகு கனடா, பிறகு ஊக்கமருந்து விவகாரத்தில் இரண்டு வருடத் தடை, கடைசியில் அமெரிக்காவில் மல்யுத்த நிகழ்ச்சி. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒப்பந்தத்தை மட்டும் நம்பிய வாழ்க்கை எப்படிப் புரளும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது அனிதாவிடம் வருவோம். 2013ல் தோஹாவில் நடந்த ஆசிய மூவர் கூடைப்பந்துப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் அவர் இருந்தார். பாதி மைதானம், ஒரே வளையம், பத்து நிமிடம். அதற்குள் 21 புள்ளி எடுத்தால் அப்போதே ஆட்டம் முடிந்தது. மூச்சு வாங்க நேரமில்லாத ஆட்டம்.

அதன்பின் அவர் தாயானார். நம் ஊரில் ஒரு பெண் விளையாட்டை விடுவதற்குக் கல்யாணமே போதும், குழந்தை என்றால் கேட்கவே வேண்டாம். அனிதா திரும்பி வந்தார். 2017 ஜூலையில் பெங்களூரில் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவு இறுதியாட்டம், எதிரணி கஜகஸ்தான். 75க்கு 73 என்று இரண்டே புள்ளியில் இந்தியா ஜெயித்து முதல் பிரிவுக்கு ஏறியது. முப்பத்திரண்டு வயதில், கைக்குழந்தைக்காரியாக, அந்த அணியில் அவர் இருந்தார்.

அர்ஜுனா விருது அவருக்குக் கொடுக்கப்படவில்லை. விளையாட்டுக்காரர்களுக்கென்றே உள்ள விருது வராமல், நான்கு வருடம் கழித்து நேராகப் பத்மஸ்ரீ வந்தது. அதுவும் பட்டியலில் முதலெழுத்தோடு ஒரு பெயராக.

விளையாட்டுக் கோட்டாவில் சேர்ந்தவர்களைப் பற்றி ஆபீசுகளில் ஒரு முணுமுணுப்பு எப்போதும் உண்டு. நானும் வேலை பார்த்த இடத்தில் கேட்டிருக்கிறேன். "அவனுக்கென்ன, கேம்ப் என்று போய்விடுவான், அவன் ஃபைலும் நம் தலையில்தான்." சிறப்புத் தற்செயல் விடுப்பு விண்ணப்பம் மேஜைக்கு வந்தாலே முகம் சுளிக்கிறவர்கள் இருந்தார்கள். கூட வேலை பார்க்கிறவனுக்குச் சுமை கூடுவது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த விடுப்பும் அந்தச் சம்பளமும் இல்லையென்றால், பதினாறு வருடம் ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண் எப்படி நாட்டுக்கு ஆட முடியும்? தனியார் லீக்குகள் இங்கேயும் வந்தன. 2015ல் யு.பி.ஏ. என்று ஒன்று தொடங்கி, சென்னைக்கும் ஒரு அணி இருந்தது. இரண்டு மூன்று வருடத்தில் அது நின்றுபோனது. டிபார்ட்மெண்ட் நிற்கவில்லை. பிரசவ விடுப்பு கொடுத்து, திரும்பி வந்தால் வேலையையும் வைத்திருக்கிற முதலாளி நம் கூடைப்பந்தில் அரசாங்கம் ஒன்றுதான்.

அப்படியானால் அனிதா அமெச்சூரா, புரொஃபெஷனலா? என் கணக்கில் இரண்டும். சம்பளம் ரயில்வே கொடுத்தது, அதனால் புரொஃபெஷனல். ஆனால் ரயில்வே சம்பளத்துக்குப் பத்து வருடம் ஆடியிருந்தாலே போதும். அதற்கு மேல் ஆடியதெல்லாம், குழந்தை பெற்றபின் மறுபடி உடம்பைத் தயார் செய்து கேம்ப் போனதெல்லாம், பிரெஞ்சுக்காரன் சொல்கிற பழைய அர்த்தத்தில் பிரியம்.

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் சாயந்திரம் பெண் பிள்ளைகள் பந்து தட்டுவதைப் பார்க்கிறேன். பத்தாம் வகுப்பு வந்ததும் பாதிப் பேரை டியூஷனுக்கு இழுத்துவிடுகிறார்கள். பெற்றவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, "விளையாடி என்னங்க ஆகப் போகுது?" என்ற கேள்வி நியாயமானதுதான். அவர்களிடம் பத்மஸ்ரீயைப் பற்றிப் பேசிப் பயனில்லை. விளையாட்டுக் கோட்டா என்று ஒன்று இருக்கிறது, அதில் சேர்ந்து பென்ஷன் வரை போகலாம், சென்னையில் ஒரு பெண் அப்படிச் சேர்ந்துதான் ஒன்பது ஆசியப் போட்டி ஆடினாள் என்று சொல்லுங்கள். காது கொடுப்பார்கள்.