பாலத்துக்கு எந்தப் பக்கம்?

போன தீபாவளிக்கு முந்தின வாரம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாமாக் கடையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். ஐந்து பேரும் ஒரே பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர்கள். மூன்று பேர் கிள்ளான், ஒருவன் பிரிக்பீல்ட்ஸ், ஒருவன் ஈப்போ. ஈப்போக்காரன்தான் ஆரம்பித்தான். "எப்பப் பாத்தாலும் நாங்க கிள்ளான், நாங்க கிள்ளான்னு சொல்லிக்கிறீங்களே, அப்படி என்னடா இருக்கு அங்க? உண்மையான கிள்ளான்காரன்னா எப்படிடா கண்டுபிடிக்கிறது?"

தே தாரிக் ஆறுவதற்குள் கைப்பேசியில் பட்டியல் தயாராகிவிட்டது.

ஒன்று: "கிள்ளான்ல எங்க?" என்று கேட்டால், இடத்தின் பெயருக்கு முன்னாடி வடக்கா தெற்கா என்று சொல்லணும். இரண்டு: ஷா ஆலாம்தான் சிலாங்கூரின் தலைநகரம் என்று யாராவது சொன்னால் முகம் கொஞ்சமாவது சுருங்கணும். மூன்று: பாக் குத் தே காலையில் சாப்பிடும் சாப்பாடு என்று தெரிந்திருக்கணும், சாப்பிடாதவனாக இருந்தாலும். நான்கு: தினமும் கோலாலம்பூரில் வேலை செய்தாலும் "கேஎல் போறேன்" என்று வெளியூர் போகிற மாதிரிதான் சொல்லணும். ஐந்து: தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி தெங்கு கிளானா சாலை நெரிசலில் மாட்டி, "இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்று சத்தியம் பண்ணி, அடுத்த வருஷமும் போயிருக்கணும்.

பிரிக்பீல்ட்ஸ்காரன் விடுவானா? அவனும் சேர்த்தான். "துன் சம்பந்தன் சாலையை லிட்டில் இந்தியான்னு சொல்றவன் எங்க ஆளே கிடையாது. பிரிக்பீல்ட்ஸ் ரோடுன்னு சொல்லணும். ஹண்ட்ரட் குவாட்டர்ஸ் எங்க இருந்துச்சுன்னு கண்ணை மூடிக்கிட்டுக் காட்டணும்."

சிரிப்புக்காக எழுதியதுதான். வீட்டுக்குக் கொமுட்டர் ரயிலில் திரும்பும்போது மறுபடியும் படித்துப் பார்த்தேன். ஒவ்வொரு கேள்விக்குக் கீழேயும் ஒரு சரித்திரம் படுத்திருந்தது.

இரண்டாவது கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். 1974 பிப்ரவரி 1 அன்று கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரிக்கப்பட்டு கூட்டரசுப் பிரதேசம் ஆனது. மாநிலத்துக்குத் தலைநகரம் இல்லாமல் போனது. ஷா ஆலாம் தயாராகும்வரை சில வருடங்கள் கிள்ளான்தான் அந்தப் பொறுப்பைச் சுமந்தது. பிறகு பட்டம் கைமாறிவிட்டது. கிள்ளானுக்கு மாநகர அந்தஸ்தே 2024 பிப்ரவரி 5இல்தான் வந்தது. அரச நகரம், துறைமுக நகரம், பழைய நகரம் என்று எத்தனை பெயர் இருந்தாலும், பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பரிசு போய்விட்ட அண்ணனின் மனசு எங்களுக்கு உண்டு.

பிரிக்பீல்ட்ஸின் கதை அதன் பெயரிலேயே இருக்கிறது. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு, அத்தாப்பும் பலகையும் போய்ச் செங்கல் வீடு வரவேண்டும் என்று பிராங்க் சுவெட்டன்ஹாம் காலத்து நிர்வாகம் முடிவெடுத்தது. செங்கல் சூளைகள் இருந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். அப்புறம் ரயில்வே வந்தது, ரயில்வேயோடு ஆட்கள் வந்தார்கள். தண்டவாளம் போட்ட தமிழனும் வந்தான், கணக்கு எழுதிய யாழ்ப்பாணத் தமிழனும் வந்தான். குடித்தனக்கட்டு வீடுகள் எழும்பின. ரொசாரியோ சாலைப் பக்கம் இருந்த ஹண்ட்ரட் குவாட்டர்ஸ் அப்படி வந்ததுதான். 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்து லிட்டில் இந்தியாவைத் திறந்துவைத்தார். வளைவுகள், விளக்குகள், ஊதா நிறம். நான்கு வருடம் கழித்து ஹண்ட்ரட் குவாட்டர்ஸ் இடிபட்டது. ஆட்கள் வாழ்ந்த இந்தியா போய், படம் பிடிக்கிற இந்தியா வந்தது என்று என் நண்பன் சொல்வான். அவன் வீட்டில் தாத்தா ரயில்வே கிளார்க். "லிட்டில் இந்தியான்னு சொல்லாதே" என்கிற அவன் விதியில் கிண்டலோடு கொஞ்சம் துக்கமும் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்தக் காலத்து பிரிக்பீல்ட்ஸில் தமிழனும் தமிழனும் சந்தித்தால் முதல் கேள்வி "எந்த ஊர்?" என்பதுதான். கோலாலம்பூர் என்பது அதற்குப் பதில் இல்லை. யாழ்ப்பாணத்தில் எந்த ஊர், தஞ்சாவூரில் எந்த ஊர் என்பதுதான் கேள்வி. ஆங்கிலேயனின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூட இந்தியத் தமிழர் தனி, சிலோன் தமிழர் தனி. கிளார்க் வீட்டுப் பிள்ளையும் தோட்டத்துப் பிள்ளையும் ஒரே மொழி பேசினாலும் ஒரே தேர்வில் பாஸ் ஆகவில்லை.

இது நமக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை. இங்கிலாந்தின் வடக்கே நியூகாசில்காரர்களை ஜோர்டி என்பார்கள். டைன் நதி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் பிறந்தவன்தான் அசல் ஜோர்டி என்று ஒரு பேச்சு உண்டு. நதிக்கு அந்தக் கரை ஆள் சேர்த்தியா என்று இன்னும் சண்டை. 1969இல் ஸ்காட் டாப்சன் என்பவர் ஜோர்டி பேச்சைக் கற்றுத் தருவதாகச் சொல்லி ஒரு நகைச்சுவைப் புத்தகமே போட்டார். லண்டனில் காக்னி என்றால் செயின்ட் மேரி லெ போ தேவாலயத்தின் மணியோசை கேட்கும் தூரத்தில் பிறந்திருக்கணும். ஆனால் 1941 மே மாதம் ஜெர்மன் குண்டுவீச்சில் அந்த மணிகள் அழிந்தன. திரும்ப ஒலித்தது 1961இல். அப்படியானால் நடுவில் இருபது வருடம் லண்டனில் ஒரு காக்னியும் பிறக்கவில்லை! விதியை அப்படியே பிடித்தால் அதுதான் கணக்கு. அந்த இருபது வருடத்துப் பிள்ளைகளை யாரும் காக்னி இல்லை என்று விரட்டவில்லை. விளையாட்டுத் தேர்வில் தோற்றால் இன்னொரு டீ வாங்கித் தரவேண்டும், அவ்வளவுதான்.

அதே 1941 மே மாதம் கிள்ளானில் வேறொரு தேர்வு நடந்துகொண்டிருந்தது.

கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தமிழ் நேசன் பத்திரிகையில் வேலை செய்த ஆர்.எச்.நாதன், கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வழியாக அவர்களோடு நின்றார். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், கள்ளுக்கடையை மூடவேண்டும் என்று கோரிக்கைகள். அவற்றில் ஒன்றைப் படித்தபோது நான் அப்படியே நின்றுவிட்டேன். துரை முன்னால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்கிற வழக்கத்தை எடுக்கணும். அவ்வளவுதான் கேட்டார்கள். சைக்கிளில் உட்கார்ந்தபடியே போக அனுமதி.

நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். தோட்டங்களில் கொந்தளிப்பு. மே 16 அன்று சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்து ராணுவத்தை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். "நீ இந்த ஊர்க்காரனா?" என்ற கேள்விக்கு அரசாங்கம் சொன்ன பதில் ஒரு கப்பல் டிக்கெட்.

என் பாட்டி காப்பார் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். வேலைநிறுத்தத்தின்போது மூன்று வயது. அவருக்கு அது ஒன்றும் ஞாபகமில்லை. தன் அப்பாவைப் பற்றி ஒன்று மட்டும் சொல்வார். வெள்ளைக்காரத் துரை போய் எத்தனையோ வருஷம் ஆன பிறகும், பங்களா வாசல் வந்தால் அவர் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவாராம். "யாரும் இல்லப்பா, ஏறிக்க"ன்னு சொன்னாலும் கேட்கமாட்டாராம்.

1950களின் கடைசியில் கிள்ளான் ஆற்றின் மேல் கோத்தா பாலம் கட்டினார்கள். இரண்டு அடுக்கு. மேலே வண்டிகள், கீழே நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும். பாட்டி கீழ் அடுக்கில்தான் வடக்கிலிருந்து தெற்குக்கு வந்து மீன் வாங்கிப் போவார். மேல் அடுக்கில் இப்போது வண்டி ஓடுவதில்லை, பக்கத்தில் புதுப்பாலம் வந்துவிட்டது. கீழ் அடுக்கில் இன்னும் ஆட்கள் நடக்கிறார்கள். எங்கள் பட்டியலில் பாலத்தைப் பற்றிக் கேள்வி இருந்தால் அவர் நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பார்.

அவர் தோற்றது வேறு தேர்வில்.

இந்த நாட்டில் யார் குடிமகன் என்கிற கேள்வித்தாளைப் பலமுறை மாற்றி எழுதியிருக்கிறார்கள். 1946இல் மலாயன் யூனியன் திட்டம் இங்கே பிறந்தவர்களுக்குத் தாராளமாகக் கதவைத் திறந்தது. மலாய்க்காரர்களின் எதிர்ப்பில் அது நிற்கவில்லை. 1948 பிப்ரவரியில் வந்த மலாயாக் கூட்டமைப்பில் கதவு பாதி மூடியது. பொதுவாக வந்தேறிகளின் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருவருமே இங்கே பிறந்து 15 வருடம் தொடர்ந்து வாழ்ந்திருந்தால்தான் தானாகக் குடியுரிமை. மற்றவர்கள் விண்ணப்பிக்க வேண்டும், மலாயோ ஆங்கிலமோ தெரிந்திருக்க வேண்டும். 1957 ஆகஸ்ட் 31இல் மறுபடியும் புதுக் கேள்வித்தாள். அன்றைக்கும் அதற்குப் பிறகும் பிறந்தவன் பிறந்தாலே குடிமகன். (1962இல் அதையும் இறுக்கினார்கள்.) முன்பே இங்கே பிறந்தவர்கள் பதிந்துகொள்ளலாம், ஓரளவு மலாய் தெரியணும். முதல் ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் மொழித் தேர்வு கிடையாது.

அந்த ஒரு வருடம்தான் எங்கள் வீட்டில் வழுக்கிப் போனது. தோட்டத்துக்குச் சங்கத்து ஆட்கள் வந்து பெயர் எழுதினார்களாம். தாத்தா ராமநாதபுரத்துக்காரர். "அடுத்த வருஷம் ஊருக்குப் போயிடுவோம், எதுக்கு?" என்று சொல்லிவிட்டார். ஊருக்குப் போகவும் இல்லை. பாட்டியின் பிறப்பைப் பதிந்த காகிதமும் இல்லை. லயத்தில் மருத்துவச்சி பார்த்த பிரசவம்.

1961இல் அதே லயத்தில் அம்மா பிறந்தார். அம்மாவுக்கு நீல ஐசி, பாட்டிக்குச் சிவப்பு ஐசி. ஒரே கூரை, ஒரே குழாயடி, இரண்டு நிறம். 1969 கலவரத்தை ஒட்டிக் குடிமகன் இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்றபோது, ஆயிரக்கணக்கான தமிழர்கள் மூட்டை கட்டிக் கப்பல் ஏறினார்கள். தாத்தாவின் அண்ணன் குடும்பமும் போனது. நாங்கள் எப்படியோ தங்கினோம்.

2009இல் பாட்டி கடைசியாக ஒருமுறை விண்ணப்பித்தார். எனக்கு அப்போது 13 வயது, துணைக்குப் போயிருந்தேன். பெஞ்சில் என் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். உள்ளே கூப்பிட்ட அதிகாரி கெட்டவர் இல்லை, "மக்சிக்" என்று மரியாதையாகத்தான் பேசினார். பாட்டிக்கு மலாய் வராதா என்ன? மீன்கடை மலாய்க்காரரோடு அரை மணிநேரம் பேரம் பேசுவார். ஆனால் அது பாசார் மலாய், கேள்வி வந்தது ஏட்டு மலாய். மாட்சிமை தங்கிய பேரரசர் யார் என்று கேட்டார் அதிகாரி. பாட்டி யோசிக்கவே இல்லை. "சுல்தான் சலாஹுடின்!"

சலாஹுடின் சிலாங்கூர் சுல்தான். 1999இல் பேரரசரும் ஆனார். ஆனால் 2001இலேயே இறந்துவிட்டார். அந்த வருடம் பேரரசர் திரெங்கானு சுல்தான் மிசான். பாட்டிக்கு ராஜா என்றால் கிள்ளான் அரண்மனையில் இருக்கிறவர்தான். கிள்ளான்காரி வேறு யார் பெயரைச் சொல்லுவார்? அதைவிட அசலான கிள்ளான் பதில் கிடையாது. அதிகாரி சிரித்தார், பாட்டியும் சிரித்தார், எனக்கு மட்டும் வயிற்றைப் பிசைந்தது. சில மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. அம்மா அதைப் படித்துக் காட்டவில்லை. மடித்து அலமாரியில் வைத்தார்.

2014இல் பாட்டி சிவப்பு ஐசியோடேயே செத்துப்போனார். 2018இல் 60 வயது தாண்டிய சிவப்பு ஐசி இந்தியர்களுக்குக் குடியுரிமை தருவதாக அரசாங்கம் அறிவித்தது. செய்தி வாசிக்கும்போது அம்மா தொலைக்காட்சியை அணைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

எனக்கு நல்ல மலாய் தெரியும், பேரரசர்களை வரிசையாகச் சொல்வேன். வேலை நிமித்தம் சென்னைக்குப் போனால் ஆட்டோக்காரர் "மலேசியாவா? தமிழ் நல்லா பேசுறீங்களே" என்கிறார். அங்கேயும் யாரோ மார்க் போடுகிறார்கள். பழகிவிட்டது. சிரித்துக்கொண்டே இறங்கிவிடுவேன். சைக்கிளிலிருந்து இறங்கிய என் பூட்டன் ஞாபகம் வருகிற நாட்களில் மட்டும் கொஞ்சம் எரிச்சல் வரும்.

தீபாவளி முடிந்து நாங்கள் ஐவரும் மறுபடி சந்தித்தோம், இந்தமுறை கிள்ளானில். பட்டியலில் ஒரு கேள்வியைச் சேர்த்திருக்கிறேன் என்று சொல்லிப் படித்தேன். "உங்க வீட்டுல யாருக்கு சிவப்பு ஐசி இருந்துச்சு?"

"இதுல என்னடா ஜோக்கு?" என்றான் ஈப்போக்காரன்.

நான் பதில் சொல்வதற்குள் பிரிக்பீல்ட்ஸ்காரன் கையைத் தூக்கினான். அவன் அம்மா வழி ஆயாவாம், எங்களிடம் அவன் சொன்னதே இல்லை. பிறகு நான் தூக்கினேன். கொஞ்ச நேரம் கழித்து, கோப்பையைப் பார்த்துக்கொண்டே, ஈப்போக்காரனும் தூக்கினான்.