ஆய்வு விலங்குகள் (மலேசியா)

மருத்துவம், கால்நடை நலம், மருந்துச் சோதனை, கற்பித்தல் ஆகியவற்றுக்காக வளர்க்கப்படும் அல்லது பிடித்து வரப்படும் உயிரினங்கள் ஆய்வு விலங்குகள் எனப்படும். இவற்றில் எலியும் சுண்டெலியும் மிகுதி. நாயும் குரங்கும் குறைவு. மலேசியாவில் இவற்றைப் பயன்படுத்த உரிமம் பெற வேண்டும் என்ற விதி 2017 ஜூலை 1 முதல்தான் நடப்பில் உள்ளது. ஆய்வுகளோ அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டன. இடைப்பட்ட காலத்தை விளங்கிக்கொள்ளப் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு வடகிழக்கே உள்ள தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து பார்ப்பது உதவும்.

மலேசியர் பேச்சில் இந்த ஊரின் பெயரே ஒரு கேலிச்சொல். 'தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டிய ஆள்' என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. 1911இல் இங்கே திறக்கப்பட்ட கூட்டரசு மனநோய் விடுதிதான் அதற்குக் காரணம். இன்று அது உலு கிந்தா பகாகியா மருத்துவமனை. இவ்விடுதி வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, கோலாலம்பூரில் இருந்த மனநோய் விடுதியில் நடந்த ஒரு சோதனை, விலங்காய்வு பற்றிய எந்தக் கட்டுரையிலும் இடம்பெற வேண்டியது. அதில் விலங்கு எதுவும் இல்லை என்பதே காரணம்.

அக்காலத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் நின்றுபோகும் நோய் அது. டச்சுக்காரர் ஆட்சியிலிருந்த பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) கிறிஸ்டியான் எய்க்மன் 1890களில் தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் கால் வலுவிழந்து சாய்வதையும், தவிடு கொடுத்தால் எழுந்து நடப்பதையும் கண்டிருந்தார். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் லியோனார்ட் பிராடன் மனிதரிடையே அதே வேறுபாட்டைக் கவனித்தார். சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசியை உண்ட சீனத் தொழிலாளர் நோயுற்றனர். புழுங்கலரிசிச் சோறு உண்ட தமிழரிடமும், தங்கள் நெல்லைத் தாங்களே குத்தி உண்ட மலாய்க்காரரிடமும் நோய் அரிதாகவே இருந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தையமின் (உயிர்ச்சத்து பி1) அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதும் போவதில்லை. தோட்டத்துத் தமிழரைக் காத்தது ஊரிலிருந்து கூடவே வந்த சோற்றுப் பழக்கம்தான். நெல்லைப் புழுக்கியவர்களுக்கும் சோற்றை உண்டவர்களுக்கும் அது தெரியாது.

பிராடன் கண்ட வேறுபாட்டைச் சோதிக்க மருத்துவர் வில்லியம் பிளெட்சர் தேர்ந்தது கோலாலம்பூர் விடுதியின் நோயாளிகளை. 1905 டிசம்பர் முதல் 1906 முடியும் வரை, வரிசையாக எண்ணிடப்பட்டவர்களில் ஒற்றைப்படை எண்காரருக்குப் பச்சரிசியும் இரட்டைப்படை எண்காரருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்தார். பச்சரிசி உண்ட 120 பேரில் 36 பேருக்குப் பெரிபெரி வந்தது; 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் இருவருக்கே நோய் இருந்தது. அவர்களும் விடுதிக்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள். முடிவுகள் 1907இல் 'லான்செட்' இதழில் வெளியாயின. ஆய்வுமுறை அக்காலத்துக்கு மிகக் கறாரானது. மருத்துவ வரலாற்றாசிரியர்கள் இன்றும் அதைப் பாராட்டுகிறார்கள். பத்தாவியாவில் கோழி நின்ற இடத்தில் கோலாலம்பூரில் மனநோயாளி நின்றார் என்பதையும் அதனோடு சேர்த்தே சொல்ல வேண்டும். மறுப்புச் சொல்ல முடியாதவர் என்ற வகையில் இருவருக்கும் வேறுபாடு இல்லை.

அதைத் தொடர்ந்து, கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேசரும் தாமஸ் ஸ்டாண்டனும் டூரியான் திப்புசில் சாலை போட வந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளரை இரு பிரிவாக்கி அதே சோதனையைச் செய்தனர். நோய் தலைகாட்டியதும் அரிசியை மாற்றினர். அரிசியில் எது குறைகிறது என்று தேடும் அடுத்த கட்டத்தைக் கோழிகளிடம் கொண்டுபோனார்கள். மனிதனிடம் ஓரிடத்தில் நிறுத்த வேண்டியதைக் கோழியிடம் கடைசிவரை நடத்தலாம் என்ற எண்ணம் இதில் அடங்கியிருக்கிறது. விலங்காய்வின் அறச்சிக்கல் முழுவதும் அந்த எண்ணத்துக்குள்தான் இருக்கிறது.

பிரிட்டன் 1876ஆம் ஆண்டிலேயே விலங்குச் சோதனைக்கு உரிமச் சட்டம் கொண்டுவந்திருந்தது. 1959இல் வில்லியம் ரசலும் ரெக்ஸ் பர்ச்சும் மூன்று நெறிகளை முன்வைத்தனர்: இயன்றால் விலங்குக்கு மாற்று காண்பது, எண்ணிக்கையைக் குறைப்பது, வலியைத் தணிப்பது. மலேசியாவிலோ 1953ஆம் ஆண்டு விலங்குகள் சட்டத்தின்படி கொடுமைக்கான அபராதம் நெடுங்காலம் 200 வெள்ளியைத் தாண்டவில்லை.

சட்டம் இப்படியிருந்த காலத்தில், 1998 செப்டம்பர் இறுதியில், தஞ்சோங் ரம்புத்தானுக்கு அருகிலுள்ள தம்பூன், உலு பியா பன்றிப் பண்ணைகள் பக்கம் மூளைக்காய்ச்சல் தோன்றியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதிக் கொசுவுக்கு மருந்தடித்தார்கள். நோயுற்ற பன்றிகள் தெற்கே விற்கப்பட, நோய் நெகிரி செம்பிலானுக்குப் போயிற்று. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். நெகிரி செம்பிலானிலுள்ள சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே அதற்கு அமைந்தது. மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்தனர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. ஆய்வுக்கூடங்கள் பல பத்தாண்டுகளில் பயன்படுத்தியிருக்கக்கூடிய விலங்குகளை விட அது அதிகம் இருக்கலாம். ஆனால் அதற்கு எந்த அறநெறிக் குழுவின் ஒப்புதலும் தேவைப்படவில்லை.

பிறகு கிருமியின் இருப்பிடத்தைத் தேடும் வேலை வந்தது. 1948இல் ஈப்போவில் நிறுவப்பட்ட கால்நடை ஆய்வுக் கழகம் இதில் பங்கெடுத்தது. தீபகற்பத்தில் 14 இனங்களைச் சேர்ந்த 324 வௌவால்கள் பரிசோதிக்கப்பட்டு, ஐந்து இனங்களில் நிப்பா எதிர்ப்பொருள் காணப்பட்டது. எதிர்ப்பொருள் கிடைத்தது, கிருமி கிடைக்கவில்லை. சுவாவின் குழு தியோமான் தீவில் வேறு வழியைக் கையாண்டது. பழந்தின்னி வௌவால்கள் தொங்கும் மரங்களின் கீழ் பிளாஸ்டிக் விரிப்பை விரித்து, விழுந்த சிறுநீர்த் துளிகளையும் கடித்துப் போட்ட பழங்களையும் சேகரித்தது. அவற்றிலிருந்தே நிப்பாக் கிருமி பிரிக்கப்பட்டது. ஒரு வௌவாலைக்கூடத் தொடவில்லை. வலியைத் தணிக்கும் நெறிக்கு இந்த நாடு தரக்கூடிய சிறந்த எடுத்துக்காட்டு அந்த விரிப்புத்தான். விரிப்பால் எல்லாம் தெரிந்துவிடவில்லை என்பதும் உண்மை. கிருமி உடலில் பரவும் விதத்தை அறிய ஆஸ்திரேலியாவின் ஜீலாங் ஆய்வுக்கூடத்தில் பன்றிகளுக்கும் பூனைகளுக்கும் அதைச் செலுத்தித்தான் பார்த்தார்கள்.

சட்டத்தின் தேவையைப் பொதுமக்கள் பேசத் தொடங்கியது 2010இல். மலாக்காவில் இந்திய நிறுவனம் ஒன்றின் கூட்டுடன் நாய்களையும் குரங்குகளையும் பயன்படுத்தும் மருந்துச் சோதனைக்கூடம் அமைக்கும் திட்டத்தை, விலங்குகள் மனிதப் பயனுக்காகவே படைக்கப்பட்டவை என்று அன்றைய முதலமைச்சர் முகமது அலி ருஸ்தாம் ஆதரித்தார். எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் (சட்டம் 772) ஆய்வு, சோதனை, கற்பித்தல் மூன்றையும் உரிமத்தின் கீழ் கொண்டுவந்தது. விலங்குகளைப் பயன்படுத்தும் நிறுவனம் பராமரிப்புப் பயன்பாட்டுக் குழு ஒன்றையும் அமைக்க வேண்டும். இத்தகைய குழுக்கள் உலகெங்கும் கேட்கும் கேள்விகள் எளியவை: ஏன் இந்த விலங்கு, ஏன் இத்தனை, வலிக்கு என்ன மருந்து, எந்த நிலையில் சோதனையை நிறுத்துவீர்கள். கடைசிக் கேள்வியைத்தான் 1906இல் யாரும் பிளெட்சரிடம் கேட்கவில்லை.

இந்தியா இதில் முந்திக்கொண்டது. மாநிலங்களவை உறுப்பினராயிருந்த ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. விலங்குச் சோதனைகளை மேற்பார்வையிடும் குழுவுக்கு அச்சட்டமே இடமளித்தது. ஆயினும் விரிவான விதிகள் 1998இல்தான் வந்தன.

மலேசியச் சட்டத்தைச் செயல்படுத்துவது கால்நடைச் சேவைத் துறை. தடுப்பூசி தயாரிப்புக்கும் நோயறிதலுக்கும் நெடுங்காலமாக விலங்குகளைப் பயன்படுத்திவரும் ஈப்போ கழகமும் அதே துறையைச் சேர்ந்ததுதான்.