கையில் ஒட்டிய நீலம்

வெள்ளைக் கையுறை. நைலான் துணி, விரல் நுனியில் மட்டும் ரப்பர் பூச்சு. பழைய துணிகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைக்கும் பைத்தியம் எனக்கு இரண்டு வருடமாக உண்டு. மூன்று அடுக்குத் துணியை மெஷின் ஊசிக்கு அடியில் இரண்டு கையாலும் அழுத்தி நகர்த்த வேண்டும். வெறுங்கை வழுக்கும், அரை மணி நேரத்தில் விரல் மரத்துப்போகும். அதற்காகத்தான் அந்தக் கையுறை.

போன பொங்கல் விடுமுறைக்கு மெஷினையும் தூக்கிக்கொண்டு மூங்கில்துறைப்பட்டு போயிருந்தேன். ஆயாவின் பழம்புடவைகள், தம்பியின் கிழிந்த ஜீன்ஸ், கண்காட்சியில் வாங்கிய அவுரிச் சாயத் துணி ஒன்று, எல்லாம் சேர்த்து ஒரு போர்வை. இரண்டாம் நாள் சாயங்காலம் கையுறையைக் கழற்றியபோது உள்ளங்கைப் பக்கம் முழுக்க நீலமும் சாம்பலுமாக இருந்தது.

"என்னாடி இது, கையெல்லாம் ஊதா?" என்று கேட்டது ஆயா.

"சாயம் ஒட்டிக்கிச்சு ஆயா."

"சாயமா அழுக்கா, தொவைச்சுப் பார்த்தாத் தெரியும்."

துவைத்துப் பார்த்தேன். சாம்பல் நிறம் போனது. அது என் கை வியர்வை, எண்ணெய்ப் பசை, பெட்டியில் கிடந்த துணியின் தூசு. சோப்புக்கு அது கட்டுப்படும். நீலம் அசையவில்லை. உப்புத் தண்ணீர், வினிகர் என்று யூடியூப் சொன்னதையெல்லாம் செய்தேன். ஒன்றும் நடக்கவில்லை. எரிச்சலில் 'ஏன் ஒட்டுகிறது' என்று தேட ஆரம்பித்துத்தான் இந்தக் கட்டுரைக்குள் வந்து விழுந்தேன்.

நீலம் மற்ற சாயங்களைப் போல நூலோடு கலப்பதில்லை. பெரும்பாலான சாயங்கள் தண்ணீரில் கரைந்து, நூலுக்குள் போய், ஏதோ ஒரு வகையில் அதைப் பிடித்துக்கொள்கின்றன. நீலம் தண்ணீரில் கரையவே கரையாது. அதைக் கரைக்க ஒரு தந்திரம் வேண்டும். நம் பக்கத்துச் சாயக்காரர்கள் அவுரி நீலக்கட்டியை அரைத்துத் தாழியில் போட்டு, சுண்ணாம்புத் தெளிவும் வேகவைத்த தகரை விதையும் சேர்த்துப் புளிக்க விடுவார்கள். புளிப்பில் தாழிக்குள் இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்து, நீலம் நிறமிழந்து மஞ்சளும் பச்சையுமாகக் கரையும். அந்தத் தண்ணீரில் துணியை முக்கி வெளியே எடுத்தால் முதலில் பச்சையாகத் தெரியும். காற்றுப் பட்டதும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாக மாறும். மறுபடி கரையாத பொருளாகிவிடுகிறது, அவ்வளவுதான். நூலில் மாட்டிக்கொண்டு நிற்கும் நுண்துகள் அது. அடர்நீலம் வேண்டுமென்றால் பத்துத் தடவை கூட முக்குவார்கள். ஒவ்வொரு முக்குக்கும் ஒரு படலம் மேலே ஏறும். தண்ணீரில் கரையாததால் அலசினால் நிறம் பெரிதாகப் போகாது. ஆனால் உரசினால் மேல் படலம் உதிரும். ஜீன்ஸ் முழங்காலில் வெளுப்பதும் வெள்ளை சோபாவில் கறை வைப்பதும் இதனால்தான். தம்பியின் ஜீன்ஸில் இருப்பது தொழிற்சாலை நீலம், கண்காட்சித் துணியில் இருப்பது செடி நீலம். மூலக்கூறு ஒன்றேதான்.

இதில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு விஷயம். இந்த உதிரும் நீலத்துக்கு எங்கள் பழைய ஜில்லா ஒரு காலத்தில் பேர்போனது.

மூங்கில்துறைப்பட்டு என்றதும் பட்டுத்துணி என்று நினைக்க வேண்டாம். பற்று தேய்ந்து பட்டு ஆனது, எங்கள் பக்கத்து ஊர்ப்பெயர்களில் நிறைய வரும். சாத்தனூர் அணையைத் தாண்டி வரும் தென்பெண்ணை எங்களைத் தொட்டுக்கொண்டு திருக்கோவிலூர் வழியாகக் கடலூர்ப் பக்கம் கடலில் சேர்கிறது. இன்று ஊரைச் சுற்றிக் கரும்பு, நடுவில் கூட்டுறவு சர்க்கரை ஆலை. கள்ளக்குறிச்சி 2019-இல் தனி மாவட்டமானது. அதற்கு முன் விழுப்புரம், 1993-க்கு முன் தென்னார்க்காடு. அந்தத் தென்னார்க்காடு 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தின் முக்கியமான அவுரி ஜில்லாக்களில் ஒன்று. நீலம் என்றால் நாம் வங்காளத்தையும் 1859 கலகத்தையும் காந்தியின் 1917 சம்பாரணையும் நினைக்கிறோம். இங்கே பெரும்பாலும் வெள்ளைக்காரத் தோட்டம் கிடையாது. குடியானவர்கள் விதைத்தார்கள், சக்கைத்தழை நெல் வயலுக்கு உரமானது. ஆயாவிடம் கேட்டால் அவுரி என்பது விஷக்கடிக்கு மருந்து, தலைமுடிக்குப் பூசுவது. துணிக்குச் சாயம் என்ற நினைவே அதன் தலைமுறைக்கு இல்லை.

இந்த நிலப்பரப்பின் நீலம் போய்ச் சேர்ந்த இடம்தான் விசித்திரம். பாண்டிச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் 'கினே' என்ற அடர்நீலப் பருத்தித் துணியை ஏற்றுமதி செய்தார்கள். அதன் சந்தை பாரிஸ் அல்ல, மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆறு. சகாராவின் தெற்கு விளிம்பில், இன்றைய மொரித்தானியாவில் வாழ்ந்த மூர் மக்கள் வேலம்பிசின் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அதற்கு ஈடாக இந்தத் துணியை வாங்கினார்கள். சுமார் பதினைந்து மீட்டர் கொண்ட ஒரு சுருள்தான் அங்கே கணக்கு வைக்கும் அலகு. கிட்டத்தட்டக் காசு.

பிரான்சில் ரூவான் நகரத்து ஆலைகள் இதைப் பார்த்துப் போலி செய்து அனுப்பின. பாலைவனத்து ஆட்கள் முகர்ந்து பார்த்தார்கள், தடவிப் பார்த்தார்கள், மினுமினுப்பைப் பார்த்தார்கள், வேண்டாம் என்றார்கள். அசல் துணிக்கு ஒரு வாசனை உண்டு. அதோடு அசல் துணி உடம்பில் ஒட்டும். முகத்திலும் கழுத்திலும் கையிலும் நீலம் படியும். நீல மனிதர்கள் என்று பயணிகள் எழுதிவைத்தது இந்தப் படிவைத்தான். துவாரெக் மக்களுக்கும் அதே பெயர் உண்டு. அவர்கள் முகத்திரை நைஜீரியாவின் கானோவில் நீலத்தூளை அடித்து அடித்துப் பளபளப்பாக்கிய துணி, அது வேறு கதை. அந்த ஊர்களில் தோலில் படிந்த நீலம் கறை இல்லை. 'இவனிடம் நல்ல துணி வாங்க வசதி இருக்கிறது' என்பதற்கு அடையாளம்.

அந்தப் பிசின் எங்கே போனது தெரியுமா? ஐரோப்பாவின் துணி அச்சு ஆலைகளுக்கு. சாயம் பரவாமல் அச்சு கூர்மையாக விழ அதைப் பசையாக்கிச் சேர்த்தார்கள். அதாவது நம் ஊர் நீலத்துணியைக் கொடுத்து வாங்கிய பிசின், நம் ஊர் அச்சுத்துணிச் சந்தையைக் காலிசெய்த ஆலைகளுக்குக் கச்சாப்பொருள். இதைப் படித்த அன்று நான் மெஷினில் உட்காரவில்லை.

அமெரிக்காவிலும் சாயம் போனதை வைத்து ஒரு வியாபாரம் நடந்தது. 1958-இல் வில்லியம் ஜேக்கப்ஸன் என்ற இறக்குமதியாளர் சென்னைக்கு வந்து, பின்னாளில் லீலா ஹோட்டல்களைத் தொடங்கிய கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயரிடம் மெட்ராஸ் கட்டம்போட்ட துணி வாங்கிப்போனார். சட்டையாகத் தைத்து விற்றது ப்ரூக்ஸ் பிரதர்ஸ். தனியாக, குளிர்ந்த தண்ணீரில் அலச வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மெஷினில் போட்டதும் சாயம் கசிந்தது, வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். விளம்பரக்காரர்கள் குறையையே பெருமையாக்கினார்கள்: சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம்! சாயம் போகாவிட்டால் அசல் மெட்ராஸ் இல்லை என்று கேட்டு வாங்கும் நிலைமை வந்தது. சிரித்துவிட்டேன். ஆனால் இந்தக் கதையிலும் துணி உடுத்தியவர்தான் வருகிறார்.

சாயம் முதலில் ஒட்டியது அவர்கள் மேல் அல்லவே. தாழியில் முழங்கை வரை விட்டவர்களுக்குக் கையுறை ஏது? கரைந்த நிலையில் இருக்கும் நீலம் நகத்துக்குள்ளும் தோல் மடிப்பிலும் புகுந்து அங்கேயே நீலமாக இறுகும். தோல் உரிய வேண்டும், நகம் வளர்ந்து வெட்டப்பட வேண்டும், அதுவரை போகாது. 1877-இல் ஆஸ்கர் மாலிட் என்பவர் அலகாபாத் பக்கம் நீல உற்பத்தியைப் படமெடுத்தார். தொட்டிக்குள் இறங்கித் தண்ணீரை அடிக்கும் ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். கறுப்புவெள்ளைப் படம், உடம்பில் எது தோல், எது நீலம் என்று தெரியாது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் (1736–1761) பாண்டிச்சேரி வியாபாரிகள் பெயரோடு வருகிறார்கள், கோபிக்கிறார்கள், வெற்றிலை வாங்கிக்கொள்கிறார்கள். நான் படித்த பக்கங்களில் தாழிக்காரர் ஒருவர்கூடப் பெயரோடு வரவில்லை. ஒரே நீலம், செனகலில் தோலில் இருந்தால் அந்தஸ்து. இங்கே தோலில் இருந்தால் கூலி ஆள்.

இதை ஆயாவிடம் சுருக்கிச் சொன்னேன். அது தன் கையை விரித்துக் காட்டியது. முப்பது வருடம் கரும்பு வெட்டிய கை. சோகை கிழித்த தழும்புக்குள்ளே கறுப்புக் கோடுகள். "இதுவும் போவாதுதான். சக்கர மட்டும் வெள்ளையா இருக்குது பாரு" என்றது. அதற்கு மேல் அது இதைப் பற்றிப் பேச விரும்பவில்லை, அடுப்பில் வேலை இருந்தது.

தென்னார்க்காட்டு அவுரியை அழித்தது ஜெர்மனி. 1880-இல் அடால்ஃப் வான் பேயர் நீலத்தை ஆய்வுக்கூடத்தில் செய்துகாட்டினார். 1897-இல் பிஏஎஸ்எஃப் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பதினைந்து இருபது வருடத்தில் வயல்கள் வேறு பயிருக்குப் போய்விட்டன. முதல் உலகப்போரில் ஜெர்மன் சரக்கு நின்றபோது கொஞ்ச நாள் உயிர்வந்தது, பிறகு அடங்கியது. இப்போது இயற்கைச் சாய மோகத்தில் திண்டிவனம் பக்கம் மறுபடி அவுரி போடுகிறார்கள். என் கண்காட்சித் துணியின் நீலம் அங்கிருந்து வந்ததாகத்தான் கடைக்காரர் சொன்னார்.

கையுறை விஷயத்துக்கு வருகிறேன். கரையாத நீலத்தை எடுக்க ஒரே வழி, அதைத் தாழி நிலைமைக்கே திருப்பிக் கொண்டுபோவது. சாயக்கடையில் 'ஹைட்ரோஸ்' என்று கேட்டால் சோடியம் ஹைட்ரோசல்பைட் தூள் கிடைக்கும். வாசலில் பிளாஸ்டிக் வாளியில் வெந்நீர் விட்டு, வாஷிங் சோடாவும் ஹைட்ரோஸும் போட்டு, கையுறை இரண்டையும் அமுக்கினேன். அழுகிய முட்டைபோல ஒரு நாற்றம். நீலம் கரைந்து தண்ணீர் மஞ்சளானது. ஜெயித்துவிட்டேன் என்று உள்ளே போய் காப்பி குடித்துவிட்டு வந்து, அலசாமல் அப்படியே கொடியில் போட்டுவிட்டேன். அதுதான் தப்பு. நைலானும் நீலத்தை வாங்கிக்கொள்ளும் என்று பிறகுதான் படித்தேன். காற்றுப் பட்டதும் விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே சீராக வெளிர்நீலம் ஏறியது.

ஆயா வந்து கொடியைப் பார்த்தது.

"இப்ப முழுசா ஊதாவா ஆயிடுச்சா? வுடு. இனிமே அழுக்கு தெரியாது."