பூந்தமல்லி வழியே பெங்களூர்

சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையிலான வான்வழித் தொலைவு, அதாவது புவியின் வளைவைக் கணக்கில் கொண்டு இரு நகரங்களையும் இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளம், ஏறத்தாழ 290 கிலோமீட்டர். அக்கோட்டைத் துல்லியமாக அறியும் முயற்சி விமானம் தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1802இல் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் சென்னையின் பரங்கிமலைக்கு அருகே சுமார் ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்தார். ஒரு பக்கத்தின் நீளமும் கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம் என்னும் முக்கோண அளவை முறையில், அவ்வேலை பெங்களூரைக் கடந்து மங்களூர்க் கடற்கரை வரை நீண்டபோது, 400 மைல் என்று நம்பப்பட்ட தீபகற்பத்தின் அகலம் 360 மைல்தான் எனத் தெரியவந்தது.

நாற்பது மைல் குறைந்தது வரைபடத்தில்தான். வண்டிமாடுகளுக்கு அதனால் ஒரு நாள் நடைகூட மிச்சமாகவில்லை. மேற்கே செல்லும் பெருவழி, ஆங்கிலேயரின் படைமுகாம் இருந்த பூந்தமல்லியையும் திருப்பெரும்புதூரையும் தொட்டு, வாலாஜாபேட்டை, வேலூர் எனச் சென்றது. நாளொன்றுக்கு 15 மைல் கடந்தாலும் பெங்களூரை அடைய இரண்டு வாரமாவது பிடித்தது.

இந்நிலையை மாற்றிய இருப்புப்பாதை பூந்தமல்லியை விட்டுவிட்டு, அதற்கு வடக்கே, ஏரிகளும் வயல்களும் சூழ்ந்திருந்த அம்பத்தூர், ஆவடிப் பக்கமாகச் சென்றது. 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை திறக்கப்பட்ட அப்பாதையே தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் பாதை. 1864இல் பெங்களூரும் அதனோடு இணைந்தது. சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள பீடபூமிக்கு நேராக ஏற இரயிலால் இயலாது என்பதால், பாதை பாலாற்றுப் பள்ளத்தாக்கைப் பற்றிக்கொண்டு சோலையார்பேட்டை வரை தெற்கே வளைந்து, பின்னர் வடமேற்காகத் திரும்புகிறது. அதனால் இரயில் தொலைவு 360 கிலோமீட்டரை எட்டுகிறது. ஆயினும் இரண்டு வாரப் பயணத்தை ஒரு நாளுக்குள் அடக்கியது இந்தச் சுற்றுவழிதான். அதன்பின் வந்த எந்த ஊர்தியும் அவ்வளவு பெரிய பங்கைக் குறைக்கவில்லை.

1932 அக்டோபரில் டாட்டாவின் அஞ்சல் விமானம் பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு வந்தது. இன்று சென்னை விமான நிலையமுள்ள மீனம்பாக்கத்துக்கும் பெங்களூர் விமான நிலையமுள்ள தேவனஹள்ளிக்கும் இடையே வான்வழித் தொலைவு சுமார் 270 கிலோமீட்டர். ஓடுபாதைக்குச் செல்லும் நேரத்தையும் சேர்த்து அட்டவணை ஒரு மணி நேரத்தை ஒட்டியே காட்டுகிறது. ஆனால் அம்பத்தூர்வாசி மீனம்பாக்கம் சென்று, சோதனைகளுக்காகக் காத்திருந்து, இறங்கியபின் பெங்களூர் நகருக்குள் மேலும் 35 கிலோமீட்டர் போகவேண்டும். 2022இல் தொடங்கிய மைசூர் வந்தே பாரத் இரயில், சென்னை சென்ட்ரலிலிருந்து நான்கரை மணி நேரத்துக்குள் பெங்களூர் நகர நிலையத்திலேயே இறக்கிவிடுகிறது. ஆனால் ஆவடியில் அது நிற்பதில்லை.

சுமார் 260 கிலோமீட்டர் நீளத்துக்குத் திட்டமிடப்பட்ட பெங்களூர்–சென்னை விரைவுச்சாலையும் ஹொசகோட்டையில் தொடங்கித் திருப்பெரும்புதூரோடு முடிகிறது. சென்னை நகருக்குள் வருவோர் பலரும் அதன்பின் பூந்தமல்லியைக் கடந்தே தீரவேண்டும்.