போத்ரும் கோட்டை

போத்ரும் கோட்டை என்பது துருக்கியின் தென்மேற்கே, ஏஜியன் கடலோரச் சுற்றுலா நகரான போத்ருமில் அமைந்துள்ள கோட்டை ஆகும். ரோட்ஸ் தீவை ஆண்ட புனித யோவான் சபை வீரர்கள் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனைக் கட்டத் தொடங்கினர்.

பண்டைய உலகின் ஏழு அதிசயங்களுள் ஒன்றான மன்னன் மௌசோலசின் கல்லறை இவ்வூரிலேயே இருந்தது. நிலநடுக்கங்களால் இடிந்த அதன் கற்களைப் பெயர்த்து வந்தே வீரர்கள் கோட்டையை வலுப்படுத்தினர். கல்லறை நின்ற இடத்தில் இன்று அடித்தளமும் உடைந்த தூண்துண்டுகளுமே எஞ்சியுள்ளன. ஆகவே அதனைக் காண வருவோர் கோட்டைச் சுவர்களையும் பார்ப்பது நன்று. சுவர்களில் பதிக்கப்பட்டிருந்த புடைப்புச் சிற்பங்கள் 1846இல் இலண்டனிலுள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குக் கொண்டு செல்லப்பட்டன.

கோட்டையினுள் நீரடித் தொல்லியல் அருங்காட்சியகம் உள்ளது. உலுபுருன் முனையருகே 1982இல் கடற்பஞ்சு எடுக்க மூழ்கியவர் ஒருவர் கண்ட கப்பற்சிதைவின் பொருட்கள் இங்குள்ளன. கி.மு. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கப்பல் ஏறத்தாழ 10 டன் செம்புக்கட்டிகளை ஏற்றிச் சென்றது.