எர்திக் மாளிகையும் அதன் மக்களும்

வேல்ஸ் நாட்டின் வடகிழக்குப் பகுதியில் ரெக்சம் என்னும் நகரம் இருக்கிறது. அதற்குத் தெற்கே இரண்டு மைல் தொலைவில், சிற்றாறு ஓடும் பள்ளத்தாக்கை நோக்கியவாறு எர்திக் மாளிகை நிற்கிறது. ஆங்கில எழுத்தில் அப்பெயரைக் காணும் மாணவர்கள் 'எர்டிக்' என்று படிக்கக்கூடும். வேல்ஸ் மொழியில் இரட்டை டகரமாக எழுதப்படுவது, நாம் 'அது' என்று சொல்லும்போது எழும் தகரத்தைப் போலவே ஒலிக்கும். ஆதலின் எர்திக் என்பதே சரி. அந்த உச்சரிப்பு நமக்கு எளிதில் வருகிறது என்பதில் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

இம்மாளிகையில் எந்த மன்னனும் முடி சூடவில்லை; இதன் வாயிலில் பெரும்போர் எதுவும் நடக்கவில்லை. இருந்தும் இதைப் பற்றிப் பேச நான் விரும்புவதற்கு ஒரு காரணம் உண்டு. மேலைநாட்டுப் பெருவீடுகளின் சுவர்களில் பொதுவாகத் தொங்குபவை அவ்வீட்டுத் தலைவர்களின் ஓவியங்களே. எர்திக்கிலோ தச்சனும் கொல்லனும் வேட்டைக்காட்டுக் காவலனும் வீடு பெருக்கிய மூதாட்டியும் ஓவியங்களாக நிற்கின்றனர். பெயர் தெரியாமல் மறைவதே வழக்கமாயிருந்த மக்களுக்கு இங்கே பெயரும் முகமும் கிடைத்திருக்கின்றன. அப்பெயர் அவர்களுக்கு எவ்வாறு கிடைத்தது, அதை எழுதியவர் யார் என்பதே நாம் ஆராய வேண்டிய செய்தி.

முதலில் வீடு எழுந்த கதையைப் பார்ப்போம். ஜோஷுவா எடிஸ்பரி என்பவர் 1682ஆம் ஆண்டில் டென்பிக் மாவட்டத்தின் ஷெரீப்பாக இருந்தவர். பதவியின் பெருமைக்கு ஏற்ற வீடு வேண்டும் என்று எண்ணி, தாமஸ் வெப் என்னும் சிற்பாசாரியைக் கொண்டு 1684ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கினார். மூன்றாண்டுகளில் வீடு எழுந்தது. வீட்டோடு கடனும் வளர்ந்தது.

கடன் கொடுத்தவருள் ஒருவர் பெயர் சென்னை மாணவர்க்குப் புதிதன்று. அவர் ஈலிஹு யேல். அவருடைய குடும்பம் ரெக்சம் பகுதியைச் சேர்ந்தது. 1672ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்த அவர், 1687 முதல் 1692 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தார். கோட்டையிலுள்ள செயின்ட் மேரி தேவாலயத்தின் பதிவேட்டில் முதலில் பதியப்பெற்ற திருமணம், 1680ஆம் ஆண்டில் நடந்த அவருடைய திருமணமே. பின்னாளில் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு நன்கொடை அளித்து, யேல் பல்கலைக்கழகத்திற்குத் தம் பெயரைத் தந்தவரும் இவர்தாம். இவர் சென்னையிலிருந்து எடிஸ்பரி குடும்பத்திற்கு ஓர் அரக்கு மெருகிட்ட மடக்குத் தட்டியை அன்பளிப்பாக அனுப்பினார். அத்தகைய தட்டிகளைச் செய்தவர் சீனர். சோழமண்டலக் கரைத் துறைமுகங்களின் வழியே ஐரோப்பாவுக்குச் சென்றமையால் 'கோரமண்டல்' என்றே அவை அங்குப் பெயர் பெற்றன. செய்த நாட்டின் பெயர் மறைந்து, கப்பலேற்றிய கரையின் பெயர் நிலைத்துவிட்டது.

நட்பும் அன்பளிப்பும் கடனைத் தீர்க்கவில்லை. எடிஸ்பரி நொடித்துப் போனார். தாம் ஆசையோடு கட்டிய வீட்டை இழந்தார். ஜான் மெல்லர் என்னும் இலண்டன் வழக்கறிஞர் அதை விலைக்கு வாங்கினார். சான்சரி நீதிமன்றத்தில் உயர்பதவி வகித்துப் பெரும்பொருள் ஈட்டியவர் அவர். வீட்டின் இரு பக்கங்களிலும் புதிய பகுதிகளைக் கட்டி, வெள்ளிப் பூச்சுக் கண்ணாடிகளும் பட்டுத் திரையிட்ட பெருங்கட்டிலுமாக அதை நிரப்பினார். அவருக்கு மனைவி மக்கள் இல்லை. 1733ஆம் ஆண்டில் அவர் இறந்தபோது சகோதரியின் மகனான சைமன் யார்க்குக்கு வீடு சென்றது.

அன்று முதல் 1973 வரை, இருநூற்று நாற்பது ஆண்டுகள் யார்க் குடும்பத்தார் எழுவர் ஒருவர்பின் ஒருவராக இவ்வீட்டை ஆண்டனர். எழுவருக்கும் இரண்டே பெயர்கள்: சைமன் அல்லது பிலிப். நல்லவேளையாகத் தேர்வில் இதைக் கேட்பவர் எவரும் இல்லை! இவர்கள் அரசியலில் புகழ் பெற்றவரல்லர். பெருஞ்செல்வத்தைத் தேடியவரும் அல்லர். எதையும் தூக்கி எறியாதவர் என்பதே இவர்களுடைய தனிச்சிறப்பு. பழைய நாற்காலி, பழைய கடிதம், சமையலறைக் கணக்கு என யாவற்றையும் சேர்த்து வைத்தனர். அச்சேமிப்புக் குணம் இன்று வரலாற்று மாணவர்க்குப் பெருஞ்செல்வம் ஆகியிருக்கிறது.

எழுவருள் நாம் நின்று பார்க்க வேண்டியவர் முதலாம் பிலிப் யார்க். 1743ஆம் ஆண்டில் பிறந்து 1804ஆம் ஆண்டில் மறைந்தவர். வேல்ஸ் நாட்டுப் பழைய அரச குலங்களைப் பற்றி 1799ஆம் ஆண்டில் நூல் வெளியிட்ட அறிஞர். வில்லியம் எம்ஸ் என்னும் தோட்டக்கலை வல்லுநரைக் கொண்டு மாளிகையைச் சூழ்ந்த நிலத்தைத் திருத்தியவர். அங்கே ஓடை ஒன்று வட்டத் தொட்டியில் தேங்கி, அதன் நடுவிலுள்ள குழிக்குள் விழுந்து மறைந்து, சற்றுத் தொலைவில் மீண்டும் வெளிப்படுகிறது. கோப்பையும் தட்டும் போல இருப்பதால் அப்பெயராலேயே அதை அழைக்கின்றனர்.

இந்தப் பிலிப்பின் உருவத்தைத் தீட்டியவர் புகழ்பெற்ற ஓவியர் கெயின்ஸ்பரோ. பெருஞ்செல்வர் அத்தகைய ஓவியரை அழைப்பதில் வியப்பில்லை. 1790களில் அவர் செய்த வேறொரு காரியமே வியப்புக்குரியது. டென்பிக் ஊரைச் சேர்ந்த ஜான் வால்ட்டர்ஸ் என்னும் ஓவியரை அழைத்துத் தம் பணியாளர்களின் உருவங்களைத் தீட்டச் செய்தார். தச்சர் எட்வர்ட் பிரின்ஸ், கொல்லர் வில்லியம் வில்லியம்ஸ், சமையலறையில் எடுபிடி வேலை செய்த ஜாக் நிக்கலஸ் ஆகியோர் தத்தம் தொழிலுக்குரிய கோலத்தில் நிற்கின்றனர். ஒவ்வோர் ஓவியத்திலும் அவரவர் வாழ்வைச் சொல்லும் வேடிக்கையான செய்யுளைப் பிலிப்பே இயற்றி எழுதச் செய்தார். அவர்களுள் ஜேன் எப்ரல் என்னும் மூதாட்டிக்கு 1793ஆம் ஆண்டில் ஓவியம் தீட்டியபோது வயது 87. சிலந்தி வலை துடைப்பவள் என்பது அவளுக்கு அங்கு வழங்கிய பட்டம். தள்ளாத வயதில் துடைப்பத்தோடு நிற்கும் அவளைப் போன்ற ஒரு பணிப்பெண்ணுக்கு அக்காலத்து ஐரோப்பாவில் தனி ஓவியம் அமைவது மிக அரிது.

ஓவிய வரிசையில் கறுப்பின இளைஞர் ஒருவரும் இருக்கிறார். வண்டிப் பணியாளர் உடையோடு கையில் ஊதுகொம்பு ஏந்தி நிற்கிறார். இவ்வோவியம் மற்றவற்றினும் பழையது. அவர் மெல்லர் காலத்துப் பணியாளர் என்று கருதிய பிலிப், பல்லாண்டு கழித்து இவருக்கும் ஒரு செய்யுள் எழுதினார். இவரைப் பற்றித் தமக்குத் தெரிந்தது மிகச் சொற்பம் என்று அச்செய்யுளிலேயே ஒப்புக்கொள்கிறார். பிரிட்டிஷ் கப்பல்கள் ஆப்பிரிக்க மக்களை விலைப்பொருளாக ஏற்றிச் சென்ற காலம் அது. நம் கடற்கரையும் அப்பழிக்குப் புறம்பன்று; யேல் ஆளுநராயிருந்தபோது செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்தும் அடிமைகள் கப்பலேற்றப்பட்டனர். மடக்குத் தட்டியும் கொம்பேந்திய இளைஞரும் ஒரே வீட்டில் இருப்பதை நான் தற்செயல் என்று கொள்வதில்லை. அக்காலத்துக் கடல் வாணிகம் பொருளையும் மனிதரையும் ஒரே ஏட்டில் எழுதியது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஓவியத்தில் நிற்பவர் பணியாளர், பேசுபவர் தலைவர். செய்யுளின் நகைச்சுவை அன்பு கலந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அக்கொல்லரிடம் எழுதுகோலைத் தந்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று கேட்பது வரலாற்று மாணவரின் கடமை. இதற்கு எலிசபெத் ராட்கிளிப் என்னும் பணிப்பெண்ணின் செய்தி சற்று விளக்கம் தரும். பெட்டி என்று வீட்டார் அழைத்த அவள், பிலிப்பின் தாயாருக்குத் தோழியும் தாதியுமாக இருந்தவள். அவள் கைகளில் அரிய கலைத்திறன் இருந்தது. தோல்தாளும் முத்துச்சிப்பியும் அப்பிரகமும் கொண்டு 1767ஆம் ஆண்டில் ஒரு சீனக் கோபுரத்தையும், 1773ஆம் ஆண்டில் சிரியா நாட்டுப் பால்மைரா நகரின் இடிபாடுகளையும் சிற்றுருவில் செய்தாள். இரண்டும் இன்றும் எர்திக்கில் உள்ளன. பிலிப் மேன்மேலும் கலை வேலை தந்து அவளை ஊக்கினார். தாயாருக்கோ அது பிடிக்கவில்லை. வரைவதிலேயே அவள் கருத்துச் செல்கிறது, என் வேலைக்கு அது உதவாது, சில காலம் இத்தகைய பணி தராதே என்னும் கருத்துப்பட மகனுக்குக் கடிதம் எழுதினார். தாயார் கொடியவர் அல்லர். தாதி தாதியாக இருக்க வேண்டும் என்று எண்ணினார், அவ்வளவே. கடிதங்களைக் காத்த குடும்பம் ஆதலால் நமக்கு இது தெரிகிறது. பெட்டி என்ன நினைத்தாள் என்பதைச் சொல்லும் கடிதத்தைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

முன்னோர் தொடங்கிய வழக்கத்தைப் பின்வந்தோர் விடவில்லை. 1830ஆம் ஆண்டில் மீண்டும் ஓவியங்கள் எழுந்தன. ஒளிப்படக் கலை தோன்றியதும், 1852ஆம் ஆண்டில் மூன்றாம் சைமன் தம் பணியாளரை நிறுத்திப் படமெடுக்கச் செய்தார். ஒவ்வொருவரும் தத்தம் தொழிற்கருவியைக் கையில் பிடித்திருக்கின்றனர். 1912ஆம் ஆண்டில் இரண்டாம் பிலிப் காலத்தில் மற்றொரு குழுப்படம் எடுக்கப்பட்டது. இத்தனை தலைமுறை வேலைக்காரர்களை முகத்தோடும் பெயரோடும் அறியக்கூடிய வீடு பிரிட்டனில் வேறெதுவும் இல்லை என்றே சொல்லலாம்.

அதே இரண்டாம் பிலிப் காலத்தில், 1907ஆம் ஆண்டில், சமையலும் வீட்டு மேற்பார்வையும் செய்துவந்த எலன் பென்கெத் என்ற பெண் கைது செய்யப்பட்டாள். கடைக்காரர்களுக்குக் கொடுக்கத் தந்த பணத்தில் 500 பவுனைக் கையாடினாள் என்பது குற்றச்சாட்டு. வீட்டுத் தலைவி லூயிசா புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்தவர். பெரிய வீட்டின் செலவை நடத்தும் பொறுப்புத் திடீரென்று அவர் தலையில் விழுந்தது. மாதாமாதம் பெருந்தொகையைப் பணியாளிடம் கொடுப்பதும், கணக்கை ஒழுங்காகச் சரிபாராமல் விடுவதும் அங்கே நடைமுறையாயிருந்தன. வழக்கு ரூதின் நகரில் விசாரிக்கப்பட்டது. ஜூரிமார் எலன் குற்றவாளி அல்லள் என்று தீர்ப்பளித்தனர். ஆனால் யார்க் குடும்பத்தார் அவளைத் திருடி என்றே தொடர்ந்து கருதினர். நீதிமன்றம் விடுவித்தவளை வீட்டு நினைவு விடுவிக்கவில்லை. பணியாளரைப் போற்றிய குடும்பம் என்று எர்திக்கைப் புகழும்போது எலனையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்பது என் கருத்து. போற்றுதல் தலைவரின் விருப்பத்தைப் பொறுத்தது, நீதி அவ்வாறன்று.

இரண்டாம் பிலிப் 1922ஆம் ஆண்டில் இறந்தார். மூத்த மகன் நான்காம் சைமனுக்கு அப்போது வயது பத்தொன்பது. நிலவருவாய் சுருங்கியது, பணியாளர் ஒவ்வொருவராக விலகினர். அவர் எதையும் விற்கவும் இல்லை, எதையும் புதுப்பிக்கவும் இல்லை. மாளிகைக்கு மின்சாரமும் வரவில்லை. இதற்கிடையே ஆபத்து கீழிருந்து வந்தது. ரெக்சம் வட்டாரம் நிலக்கரி நாடு. 1947ஆம் ஆண்டில் சுரங்கங்கள் நாட்டுடைமை ஆயின. பெர்ஷம் சுரங்கத்தின் குடைவு மாளிகைக்கு அடியிலேயே சென்றது. நிலக்கரி எடுக்க எடுக்க மேலேயுள்ள நிலம் உள்வாங்கியது. மாளிகை ஏறத்தாழ 5 அடி தாழ்ந்தது. அதுவும் ஒரு சீராகத் தாழவில்லை. சுவர் பிளந்தது, கூரை விலகியது, மெல்லர் வாங்கிய பட்டுக் கட்டிலின்மேல் மழைநீர் சொட்டியது. மேலே இருந்தவர்களின் வீட்டுக்குக் கீழே, அதே ஊரின் உழைப்பாளிகள் தங்கள் பிழைப்புக்காகத் தோண்டிக்கொண்டிருந்தனர். இவ்வழக்கில் ஒரு பக்கம் சாய்வது எளிதன்று. அச்சுரங்கமும் 1986ஆம் ஆண்டில் மூடப்பட்டது.

சைமன் மணம் செய்துகொள்ளாமலே 1966ஆம் ஆண்டில் இறந்தார். தம்பி மூன்றாம் பிலிப் வீட்டை ஏற்றார். நாடகக் குழு நடத்தியவர். இரம்பத்தை வில்லால் மீட்டி இசை எழுப்பத் தெரிந்தவர். ஒழுகும் மாளிகையில் எளிமையாக வாழ்ந்து, புல்லை மேய ஆடுகளை விட்டுவைத்திருந்தார். அவருக்கும் மக்கள் இல்லை. விற்றிருந்தால் பெருஞ்செல்வராகியிருப்பார். அவரோ 1973ஆம் ஆண்டில் வீட்டையும் நிலத்தையும் அதிலுள்ள பொருள்கள் யாவற்றையும் நேஷனல் டிரஸ்ட் என்னும் பாதுகாப்பு நிறுவனத்திற்குக் கொடையாகக் கொடுத்தார். பொருள் எதையும் அங்கிருந்து பிரிக்கக்கூடாது என்பதே அவர் விருப்பம். நிலக்கரி வாரியம் அளித்த இழப்பீடு 120,000 பவுன். அது போதாமையால் நிறுவனம் 63 ஏக்கர் நிலத்தை வீட்டுமனைகளுக்கு விற்றுப் பழுதுபார்க்கும் செலவை ஈடுசெய்தது. 1977ஆம் ஆண்டில் மாளிகை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. மறு ஆண்டே பிலிப் மறைந்தார்.

திறந்தபோது பார்வையாளர் செல்லும் வழியை வகுத்தவர்கள் ஒரு முடிவு செய்தனர். விருந்தினர் வந்திறங்கிய முன்வாயில் வழியாக அவர்கள் அழைத்துச் செல்லப்படவில்லை. மரம் அறுக்கும் கொட்டகை, தச்சுப் பட்டறை, கொல்லன் உலை, குதிரை லாயம், துணி வெளுக்கும் அறை, சமையலறை எனப் பணியாளர் நடந்த வழியே நடந்து, அவர்களுடைய ஓவியங்கள் தொங்கும் கூடத்தைக் கடந்து, அதன் பின்னரே கெயின்ஸ்பரோ தீட்டிய பிலிப்பின் முன் அவர்கள் வந்து நின்றனர்.