தொழிற்பழகுநர் சட்டம், 1961

ஆலைகளிலும் பணிமனைகளிலும் தொழில் பழகும் இளைஞர்களின் பயிற்சியை இந்தியா முழுவதும் நெறிப்படுத்தும் மத்தியச் சட்டம் இது. 1962 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பிட்டர், டர்னர், வெல்டர், எலக்ட்ரீஷியன் போன்ற தொழிற்பிரிவுகளுக்கெனத் தொடங்கி, 1973-இல் பொறியியல் பட்டதாரிகளையும் டிப்ளமோ படித்தவர்களையும் உள்ளடக்கியது. ரயில்வே பணிமனைகளில் பழகுபவர்களுக்கு 'ஆக்ட் அப்ரண்டிஸ்' என்ற பெயர் இந்தச் சட்டத்தால் வந்ததே.

2019-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, 30 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள், ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்த மொத்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். குறைந்தபட்ச மாத உதவித்தொகையை, கல்வித் தகுதிக்கேற்ப, 5,000 முதல் 9,000 ரூபாய் வரை என அந்த 2019 விதிகள் வைத்தன.

சட்டத்தின் உயிர்நாடி 18-ஆம் பிரிவு. பழகுநர் பயிற்சி பெறுபவரே, தொழிலாளர் அல்லர் என்கிறது அது. ஆகவே தொழிலாளர் சட்டங்கள் பொதுவாக அவருக்குப் பொருந்தா. ஆயினும் தொழிற்சாலைகளுக்கான உடல்நல, பாதுகாப்பு விதிகள் அவருக்கும் உண்டு. பயிற்சியின்போது காயமடைந்தால் இழப்பீடு உண்டு. அரசின் பழகுநர் ஆலோசகரின் ஒப்புதலின்றி அவரிடம் ஓவர்டைம் வேலை வாங்கக் கூடாது. இயந்திரத்தின் முன் நிரந்தரத் தொழிலாளியின் அருகிலேயே நிற்பவருக்கு இந்தக் காப்பு மிக இன்றியமையாதது.

பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. மற்றத் தகுதிகள் சமமாக இருந்தால் பழகுநருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் கூறியது. அது முன்னுரிமைதான், உரிமையன்று. 2014 திருத்தத்துக்குப் பின், வேலைக்கு எடுக்கும் கொள்கையை நிறுவனமே வகுத்துக்கொள்ள வேண்டும்.

பயிற்சியை முறைப்படுத்தும் இச்சட்டம், ஒரு தொழிலை யார் செய்யலாம் என்பதைத் தீர்மானிப்பதில்லை. வயரிங் வேலைக்கு மாநில மின் உரிம வாரியத்தின் சான்றிதழும், கொதிகலன் வெல்டிங்குக்குக் கொதிகலன் விதிகளின்படி தனித் தேர்வும் வேண்டும். தச்சு, கொத்து வேலைகளுக்கு அப்படி எதுவும் கட்டாயமில்லை.

2014 திருத்தம் சிறைத் தண்டனையை நீக்கி, குறையும் ஒவ்வொரு பழகுநருக்கும் முதல் 3 மாதங்களுக்கு மாதம் 500 ரூபாய், அதன்பின் 1,000 ரூபாய் என அபராதத்தை வைத்தது. பழகுநருக்குத் தரும் உதவித்தொகையைவிட அவரை எடுக்காததற்கான அபராதம் குறைவாக இருப்பது இச்சட்டத்தின் பெருங்குறை.